ஆற்றங்கரைப் பனையைத் தொட்டியில் வளர்ப்பது: ஈரம் வேறு, தேக்கம் வேறு

"தண்ணீர் விரும்பும் பனை என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? ஒரு நாள் தவறாமல் ஊற்றினேன். பிறகு எப்படிக் காய்ந்தது?" தொட்டியில் பனை வளர்ப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கேட்பவர் சோம்பேறியாக இருப்பதில்லை. பெரும்பாலும் அக்கறை மிகுந்தவராகத்தான் இருப்பார். ஓலை நுனி பழுப்பானதும் அவர் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருப்பார். அடுத்த ஓலையும் வாடியதும் இன்னும் கூடுதலாக. கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தால் அடியில் கறுத்த சேறும் முட்டை அழுகிய நாற்றமும் இருக்கும். மண் முழுக்க நீர் இருக்க, செடி தாகத்தில் செத்திருக்கும். இந்தச் சாவுக்குப் பொறுப்பு வளர்த்தவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. "ஈரம் விரும்பி" என்ற அந்த ஒற்றைச் சொல்தான் அவரைத் தவறான பக்கம் அனுப்பியது.

பனை என்றாலே தமிழ்க் காதில் வறட்சி தாங்கும் மரம்தான் விழும். நீரை நாடும் உறவினர்கள் அந்தக் குடும்பத்தில் எத்தனையோ உண்டு. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகியவற்றின் கரிச்சதுப்பு நிலங்களில் வளரும் சிவப்புத் தண்டு லிப்ஸ்டிக் பாம். தெற்கு மெக்சிகோவின் வேகமான ஓடைகளுக்குள்ளேயே வேர் பிடித்து நிற்கும் கேட் பாம். வீட்டு அலங்காரத்துக்கென்று அதிகம் விற்கப்படும் மடகாஸ்கரின் மெஜஸ்டி பாம். நம் கமுகும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். (அரேகா பாம் என்று விற்கப்படுவது கமுகு அல்ல. அதுவும் மடகாஸ்கர் மரம்தான், பெயர்தான் குழப்புகிறது.) இவற்றில் மெஜஸ்டி பாமை எடுத்துக்கொண்டு பேசினால் மற்றவற்றுக்கும் வழி தெளிவாகும். அதிகமாக வாங்கப்படுவதும், வீட்டுக்குள் அதிகமாகச் சாவதும் அதுதான்.

ஆற்றங்கரையில் அது எப்படி நிற்கிறது

1913இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர்கள் ஜுமெலும் பெரியேவும் இந்த மரத்துக்கு 'ரவேனியா ரிவுலாரிஸ்' என்று பெயரிட்டார்கள். ரிவுலாரிஸ் என்றால் ஓடையைச் சேர்ந்தது. இது வளரும் தென்மேற்கு மடகாஸ்கர் பொதுவாக வறண்டது. அங்குள்ள இசாலோ மலைப்பகுதியின் மணற்கல் பள்ளத்தாக்குகளில் ஓடும் ஓடைகளின் கரையை ஒட்டித்தான் மரம் நிற்கிறது. தலையில் வெயில், காலடியில் மணல், மணலுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும் நீர். நகரும் நீர் ஒவ்வொரு நொடியும் புதிய ஆக்சிஜனை வேருக்குக் கொண்டுவருகிறது. மணலின் இடைவெளிகள் பெரியவை. ஆற்றில் நீர் இறங்கும்போதெல்லாம் அந்த இடைவெளிகளுக்குள் காற்று புகுந்துவிடும்.

தொட்டியில் ஊற்றிய நீர் ஊற்றிய இடத்திலேயே நிற்கிறது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்குதான். வேரைச் சுற்றி இருந்ததை வேரும் நுண்ணுயிர்களும் சுவாசித்துத் தீர்த்துவிட்டால், மேலிருந்து இறங்கி வருவது போதாது. வெப்பம் கூடினால் நிலைமை இரண்டு பக்கமும் மோசமாகும்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. வேரின் சுவாசத் தேவையோ அதே பத்து டிகிரி ஏற்றத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வெயிலில் காயும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் தேங்கிய நீர் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

ஆக்சிஜன் கிடைக்காத வேர் நீரை உறிஞ்சும் திறனை முதலில் இழக்கிறது, பிறகுதான் அழுகுகிறது. அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடி வறண்ட மண்ணில் நிற்கும் செடி போலவே வாடுகிறது. இரண்டையும் ஓலையைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, விரலை மண்ணுக்குள் விட்டுத்தான் அறிய வேண்டும். வாடலைக் கண்டதும் கை தானாகக் குடத்தைத் தேடும். அந்தக் கணத்தில் விரலை முதலில் மண்ணில் வைக்கப் பழகியவரின் பனை பிழைக்கும்.

சரளைக்கல் செய்யும் கேடு

எல்லாம் இங்கேதான் திரும்புகிறது. நீர் தேங்கக் கூடாது என்று தெரிந்தவர்களும் செய்யும் முதல் வேலை, தொட்டியின் அடியில் ஒரு கையளவு உயரத்துக்குச் சரளையோ ஓட்டுச் சில்லோ போடுவது. நல்ல எண்ணம்தான், விளைவு நேர் எதிர். ஏன் என்று புரிய ஒரு குளியல் பஞ்சு போதும். செவ்வக வடிவப் பஞ்சு ஒன்றை நீரில் முழுக்க ஊறவைத்து, படுக்கைவாக்கில் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்ற பிறகு அதே பஞ்சைப் பிழியாமல் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் நீர் ஒழுகும். பஞ்சும் மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. உயரம் கூடியது, அவ்வளவுதான்.

மண் கலவையும் இப்படியே. தன் நுண்துளைகளால் அது குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஓட்டை எத்தனை இருந்தாலும் அந்த நீர் கீழே இறங்காது. அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு. தொட்டி எவ்வளவு ஆழம் என்பது அதை மாற்றாது. ஒரு கலவை 8 செ.மீ. உயரத்துக்கு நீரைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 செ.மீ. உயரத் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சேறு. 40 செ.மீ. உயரத் தொட்டியில் அதே கலவை ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சேறு, மேலே 32 செ.மீ. காற்றோட்டமான ஈரம். இப்போது அடியில் 5 செ.மீ. சரளை போட்டால் என்ன நடக்கும்? நுண்துளையிலிருந்து பெருந்துளைக்கு நீர் எளிதில் இறங்காது. ஆகவே சேற்று அடுக்கு சரளைக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்குக் கிடைக்க வேண்டிய நல்ல இடத்தில் 5 செ.மீ. பறிபோனதுதான் மிச்சம். மண் ஒழுகாமல் இருக்க ஓட்டையின்மேல் ஒரு துண்டு வலை போதும், சரளை வேண்டாம்.

ஆக, ஈரம் விரும்பும் பனைக்கு அகலத்தைவிட உயரம் கூடிய தொட்டி வேண்டும். வேர்ப்பந்து (வேரும் அதைப் பற்றிய மண்ணும்) 20 செ.மீ. குறுக்களவுள்ள இளஞ்செடிக்கு 30 செ.மீ. உயரம் நல்ல தொடக்கம். வேர்ப்பந்தைவிட 4, 5 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். "எப்படியும் பெரிதாக வளரப்போகிறது" என்று எடுத்த எடுப்பில் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் நீர் வாரக்கணக்கில் கிடந்து புளித்துவிடும். சுட்ட மண் தொட்டியின் சுவர் வழியே நீரும் காற்றும் நடமாடும் என்பதால் வேருக்கு நல்லது. ஆனால் காற்று வறண்ட இடத்தில் இரண்டு வேளை ஊற்ற வேண்டிவரும். பிளாஸ்டிக் என்றால் வெளிர் நிறமாகப் பார்த்து, பக்கச் சுவரின் அடிப்பகுதியிலும் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். நேர் வெயில் படும் தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தால் வேர் வேகாது.

கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்புவது கூடாது. தரையில் நன்றாக இருக்கும் மண் தொட்டியில் இறுகிவிடும். கன அளவில் 4 பங்கு தேங்காய் மட்டைத் துண்டுகள் அல்லது மரப்பட்டைத் துண்டுகள் (1 முதல் 1.5 செ.மீ.), 2 பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), 2 பங்கு பெர்லைட் (எடை குறைந்த வெண்ணிறக் கனிமக் குறுணை), 1 பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், 1 பங்கு கொரகொரப்பான ஆற்றுமணல். மணல் கனம் தரும், உயரமான ஓலைக்காரச் செடி காற்றில் சாயாமல் இருக்க அது தேவை. பொடி மணல் கேடு: பெரிய துண்டுகளுக்கு இடையே புகுந்து துளைகளை அடைத்துவிடும். கலக்குமுன் பட்டையையும் மட்டைத் துண்டையும் சலித்துத் தூசியை நீக்குங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, நீரைக் கொட்டி, இதை மூன்று முறை செய்தால் பெரும்பகுதி போய்விடும். இதைச் செய்யாமல் விட்டு, பிறகு நுனிக்கருகலுக்குக் காரணம் தேடுபவர்கள் அதிகம்.

கலவை சரிதானா என்று நட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை, அளந்தே அறியலாம். தொட்டியின் கொள்ளளவை முதலில் நீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். ஓட்டைகளை நாடாவால் அடைத்து, ஈரமாக்கிய கலவையைத் தட்டி நிரப்புங்கள். மேல்மட்டம் மினுங்கும்வரை மெதுவாக நீர் விடுங்கள். சில மணி நேரம் கழித்து இறங்கிய அளவுக்கு மறுபடி விடுங்கள். பிறகு ஒரு தாம்பாளத்தின் மேல் தூக்கிவைத்து நாடாவைப் பிரித்தால் ஒழுகும் நீர் எவ்வளவோ அவ்வளவு இடம் இனிக் காற்றுக்கு. 10 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஒழுகினால் 20 விழுக்காடு. இந்தப் பனைகளுக்கு 20 முதல் 25 வரை அருமை. 10க்குக் கீழே போனால் பட்டைத் துண்டைக் கூட்டுங்கள். நடப்போகும் அதே தொட்டியில்தான் அளக்க வேண்டும், உயரம் மாறினால் விடையும் மாறும் என்று மேலே பார்த்தோமே.

நடும்போது தூர் புதையக் கூடாது. பனைக்கு ஆணிவேர் கிடையாது. தூரின் அடியிலிருந்து சல்லிவேர்கள் புதிது புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தை மண்ணால் மூடினால் மூச்சு முட்டும். பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டம். வேர்ப்பந்தைக் கலைக்காதீர்கள், மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல் சுற்றிய வேரைக் கத்தரிக்காதீர்கள். வெட்டுப்பட்ட வேர் பல பனைகளில் மீண்டும் கிளைப்பதில்லை, அடிவரை காய்ந்துபோகும்.

ஓடையைத் தொட்டிக்குக் கொண்டுவருதல்

தினமும் ஒரு குவளை என்று ஊற்றுவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழக்கம். மேல்மண் நனையும், அடிமண்ணின் பழைய நீர் அப்படியே கிடக்கும், உப்பு சேரும். ஊற்றினால் நிறைய ஊற்ற வேண்டும்: அடியில் ஒழுகும்வரை, ஒழுகிய பிறகும் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கேனும் வெளியேறும்வரை. மேலிருந்து இறங்கும் நீர் பழைய காற்றைத் தள்ளி வெளியேற்றுகிறது. அது வடியும்போது புதுக்காற்றைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. ஓடையில் நடப்பதற்குத் தொட்டியில் இதுதான் ஈடு. அடுத்து எப்போது? மேல் 2 செ.மீ. ஈரப்பசை குறைந்து, ஆனால் காய்ந்து நிறம் மாறுவதற்குள். நீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் தூக்கியவுடனே தெரிந்துவிடும். தூக்க முடியாத தொட்டி என்றால், ஒரு சீவாத மரக்குச்சியை அடிவரை செருகி அரைமணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். எந்த உயரம்வரை கறுத்து ஈரமாக இருக்கிறது என்பது படம்போலத் தெரியும்.

வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்த செடிக்கு இந்த எந்தக் கணக்கும் உதவாது. ஓலை வெளிச்சம் பெற்று வேலை செய்தால்தான் வேர் நீரை இழுக்கும், தொட்டி வறளும், காற்று புகும். மெஜஸ்டி பாம் நிழல் செடி என்று விற்கப்படுகிறது. ஆற்றங்கரை வெட்டவெளியில் நிற்கும் மரத்தை வரவேற்பறை மூலையில் வைக்கச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. காலை வெயில் சில மணி நேரமாவது படும் சன்னலோரம் அதற்கு வேண்டும். நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது மட்டும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓலை வெளுத்துக் கருகும்.

அடித்தட்டில் நீர் நிற்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. லிப்ஸ்டிக் பாமுக்கும் கேட் பாமுக்கும் நிற்கலாம். தொட்டி உயரமாகவும், தட்டு நீர் 2 அல்லது 3 செ.மீ.க்கு மேல் போகாமலும், காலநிலை வெப்பமாகவும் இருந்தால். இந்தச் சதுப்புப் பனைகள் நீருக்குள் விடும் புதுவேர்களில் காற்றறைகள் இருக்கும், மேலிருந்து ஆக்சிஜனைக் கீழே கடத்தும். வேரில் வெண்புள்ளிகள்போல் தெரியும் சிறு புடைப்புகள் மூச்சுத்துளைகள். பூஞ்சை என்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள். ஆனால் உலர்வான தொட்டியில் பிறந்த பழைய வேருக்கு அந்த வசதி குறைவு. ஆகவே ஒரே நாளில் தட்டை நிரப்பாமல், முதல் வாரங்களில் தட்டு நீர் தானாக வற்ற விட்டு, ஒரு நாள் இடைவெளி விட்டு நிரப்பி, புதுவேர் இறங்க அவகாசம் கொடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துப் புதுநீர் மாற்றினால் கொசுவும் பெருகாது. குளிர் தொடங்கி இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் தட்டையே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த வேர் நீரை இழுக்காது. மெஜஸ்டிக்கும் அரேகா பாமுக்கும் எந்தப் பருவத்திலும் நிலையான தட்டு நீர் வேண்டாம். ஊருக்குப் போகும் நாட்களுக்கு, தொட்டியின் ஓட்டை வழியே பாலியெஸ்டர் கயிறு ஒன்றை அடிமண்ணுக்குள் செலுத்தி, மறுமுனையைக் கீழுள்ள நீர்ப்பாத்திரத்தில் விடலாம். தொட்டிக்கும் நீருக்கும் இடையே நாலு விரல் காற்று இடைவெளி இருக்க வேண்டும்.

ஓலை சொல்லும் சேதி

குறைபாட்டைப் படிக்க முதல் கேள்வி: பழைய ஓலையா, புதிய ஓலையா? பழைய ஓலைகளில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் புள்ளிகள் தோன்றி நுனி காய்ந்தால் சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறைவு. பழைய ஓலையின் விளிம்பு அகலமாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாகவே நின்றால் மெக்னீசியம். புதிய ஓலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் வந்தால் இரும்பு, சுருங்கிக் குட்டையாகி நுனி கருகி வந்தால் மாங்கனீசு. இரும்புக் குறைவைப் பார்த்ததும் இரும்பு உரம் வாங்க ஓட வேண்டாம். பனையில் அது பெரும்பாலும் வேருக்குக் காற்றில்லை அல்லது தூர் ஆழமாகப் புதைந்திருக்கிறது என்பதன் அடையாளம். முதலில் மண்ணைப் பாருங்கள். கடின நீரால் மண்ணின் கார அமில அளவு (pH) 7க்கு மேல் ஏறியிருந்தாலும் இதே வெளுப்பு வரும். மழைநீர் பிடித்து ஊற்றினால் மெல்லத் திருந்தும். உரம் தழை, மணி, சாம்பல் சத்துகள் 3:1:2 என்ற விகிதத்தில், மெல்லக் கரையும் வகையாக, நுண்ணூட்டங்களோடு இருக்கட்டும். வளரும் பருவத்தில் மட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக விட்டு உப்பைக் கழுவுங்கள்.

ஓலையின் அடிப்பக்கம் மணல் தூவியதுபோல் மங்கி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். காற்று வறண்டால் அது வரும். வாரம் இருமுறை அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். காலையில் செய்யுங்கள், குருத்தில் நீர் இரவு முழுக்கத் தங்கக் கூடாது.

அழுகிவிட்டால்

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது, நாற்றமும் வருகிறது என்றால் காத்திருக்க நேரமில்லை. செடியைத் தொட்டியோடு சாய்த்து உருவுங்கள். வேரை நிறத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள், முதிர்ந்த பனைவேர் இயல்பாகவே பழுப்பு. இரு விரலால் நசுக்கி இழுங்கள். நல்ல வேர் கெட்டியாக நிற்கும், அழுகியதன் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கூழானதை மட்டும் நீக்கி, சேற்று மண்ணை நீரால் மெல்லக் கழுவி, மிஞ்சிய வேர் சரியாகக் கொள்ளும் சிறிய, உயரமான தொட்டியில் பட்டைத் துண்டு கூடுதலான கலவையில் நடுங்கள். வெளிச்சமான நிழலில் வையுங்கள். உரம் வேண்டாம். பச்சை ஓலை எதையும் வெட்டாதீர்கள். பாதி மஞ்சளான ஓலையையும் விடுங்கள். செடி அதிலிருந்து சாம்பல் சத்தை உருவி மேலே அனுப்பிக்கொண்டிருக்கும், வெட்டினால் அடுத்த ஓலையில் கைவைக்கும். முழுக்கப் பழுப்பான பிறகு நீக்கலாம்.

பிறகு குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடி கூழாகி நாறினால் அது குருத்தழுகல். ஒற்றைத்தண்டுப் பனைக்கு வளரும் முனை அது ஒன்றுதான், பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. லிப்ஸ்டிக், கேட், அரேகா போன்ற புதர்ப்பனைகளில் மற்றத் தண்டுகள் பிழைக்க வாய்ப்புண்டு. குருத்து உறுதியாக நின்றால், அழியாத மையால் குருத்தின் மீதும் பக்கத்து மட்டையின் மீதும் ஒரே நேர்கோடாக ஒரு குறி போடுங்கள். தேதியை எழுதிவையுங்கள். ஓலைகள் எப்படித் தெரிந்தாலும் அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். இரண்டு வாரத்திலோ ஆறு வாரத்திலோ குருத்தின் கோடு மட்டையின் கோட்டைவிட்டு ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தால் கீழே எங்கோ ஒரு புதுவேர் இறங்கியிருக்கும் என்று நம்பலாம். அன்று வழக்கமான நீரூற்றலைத் தொடங்கலாம். உரத்துக்கு அந்தக் குருத்து விரியும்வரை பொறுங்கள்.